முப்பத்திரண்டு பிட் குழுவின் ஒரே ஆள்

"32-பிட் கட்டமைப்புக் குழு: பில்பெரி இயங்குதளத்தின் பழைய வன்பொருள் ஆதரவைப் பராமரிக்கும் பன்னாட்டுத் தன்னார்வலர் குழு. தெற்காசிய வன்பொருள் ஆய்வகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படுகிறது. குழுத் தலைவர்: டி. தேவசகாயம்."

பில்பெரியின் இணையதளத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. ஆய்வகம் என்பது திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறை. கீழே பூச்சிமருந்துப் பெட்டிகள் இறங்கும் நாட்களில் ஆய்வகத்தில் கண் எரியும். பன்னாட்டுத் தன்னார்வலர்களில் ஒருவர் பிரேசில்காரர், குழந்தை பிறந்ததும் விலகிக்கொண்டார். இன்னொருவர் போலந்துக்காரர், சொல்லாமலே விலகிக்கொண்டார். மிஞ்சியவர் தலைவர். பகலில் அவர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸில் அவரை யாரும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடும் தேவையே பெரும்பாலும் வந்ததில்லை.

பில்பெரி என்பது வடக்கத்திக் குளிர்நாடுகளில் காய்க்கும் ஒரு பழம். நாவல்பழத்துக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று தேவசகாயம் நம்பிக்கொண்டிருந்தார்; சொந்தம் கிடையாது. அந்தப் பெயரில் ஒரு நார்வேக்காரர் தொடங்கிய இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் முதலில் விழித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற மென்பொருள். அதை விற்பதில்லை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நாற்பது ஐம்பது பேர் சம்பளமில்லாமல் எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் சாயங்காலம் கணினியின் அரட்டை அறையில் கூடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தேவசகாயத்துக்கு வாரத்தில் மிக நீண்ட பேச்சுவார்த்தை அதுதான்.

பழைய கணினிகள் 32-பிட் ரகம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைக்கு வருவதெல்லாம் 64. ஒன்றுக்குச் சமைத்தது மற்றதற்கு ஆகாது, தனி அடுப்பு வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்றால் உப்பில்லாமல் ஒரு குழம்பு தனியாக வைப்பார்களே, அந்த மாதிரி. பில்பெரியில் அந்த உப்பில்லாக் குழம்பை வைப்பவர் தேவசகாயம்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு புதுப் பதிப்பு வெளிவரும்போதும், அந்தந்த ரகத்துப் பொறுப்பாளர் நிஜமான ஒரு கணினியில் அதை ஏற்றி, அது எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "கண்ணால் பார்த்தேன்" என்று எழுத வேண்டும். அவர் எழுதாமல் பதிப்பு வெளியே போகாது. இன்னொன்று, எதையாவது கைவிடுவதென்று முடிவானால், அதைப் பராமரித்தவரே தன் கையால் அழிக்க வேண்டும். மற்றவர் தொடக்கூடாது. நம் ஊரில் கொள்ளி வைக்கும் உரிமைக்குச் சண்டை போடுவார்கள். அங்கே அது கடமை.

தேவசகாயத்தின் ஆய்வகக் கணினிகள் மெதுவானவை. மற்ற ரகத்துக்காரர்கள் எல்லாம் "கண்ணால் பார்த்தேன்" என்று எழுதிவிட்டு இவருக்காகக் காத்திருப்பார்கள். நாற்பது பேர் காத்திருப்பது தனக்காக என்பதில் அவருக்கு ஒரு சங்கடம் உண்டு, அந்தச் சங்கடத்தில் ஒரு சுகமும் உண்டு.

போன ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நார்வேக்காரர் விஷயத்தை எடுத்தார். மரியாதையாகத்தான் எடுத்தார். பில்பெரி ஓடும் ஒவ்வொரு கணினியும் வாரம் ஒருமுறை, தன் அடையாள எண்ணோடு, நான் உயிரோடிருக்கிறேன் என்று ஒரு தகவல் அனுப்பும். அந்தக் கணக்கின்படி உலகத்தில் 32-பிட் பில்பெரி ஓடுவது ஒரே ஒரு கணினியில். அதுவும் தேவசகாயத்தினுடையதாகவே இருக்கும். இந்த ஒன்றுக்காக எல்லோரும் எத்தனை காலம் காத்திருப்பது? ஆனாலும் பொறுப்பாளர் அல்லாத ஒரே ஒரு பயனர், "நான் இதைப் பயன்படுத்துகிறேன், எனக்கு இது வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், இன்னும் இரண்டு ஆண்டுகள் தொடரலாம். அடுத்த ஞாயிறு வரை பொறுப்போம்.

படித்துவிட்டு தேவசகாயம் சிரித்தார். ஆய்வகக் கணினிகளிலிருந்து இந்தத் தகவல் போகாதபடி அவர் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார். அந்த ஒன்று ஒன்றல்ல என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனி மூடியபோது கழித்துக்கட்டிய கணினிகளை ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். புக்கிங் ஆபீஸில் இருந்ததற்கு அது ஒரு லாபம். ஒன்றில் பில்பெரியை ஏற்றி, எழுத்துரு முதல் பிரிண்டர் வரை பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, அந்த வட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்தார். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஜெராக்ஸ் கடை, டைப்பிங் வகுப்பு, டியூஷன் சென்டர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நகலெடுத்தபோது அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகிவிட்டது. ஒரே ஆதார் எண்ணை ஒரு தெருவுக்கே எழுதிவைத்த மாதிரி. அத்தனை கணினிகள் தகவல் அனுப்பினாலும் நார்வேயில் ஒன்று என்றுதான் பதிவாகும். இந்தத் தவறு ஓராண்டு கழித்தே அவருக்குத் தெரிந்தது. திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. உலகம் ஒருவர் என்று நினைக்கும் இடத்தில் தனக்கு ஒரு கூட்டமே இருப்பது, வெளியில் சொல்லாதவரை, ஒரு மாதிரி நன்றாக இருந்தது.

இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

முதலில் முண்டியம்பாக்கம். அரசு மருத்துவக் கல்லூரிக்கு எதிரே அன்புச்செல்வியின் ஜெராக்ஸ் கடை. ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் காப்பீட்டு அட்டைகளுமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. அன்புச்செல்வி ஒரு கையால் நகல் எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அவரை உள்ளே வரச் சொன்னாள்.

"இன்னாண்ணா, வழி தப்பி வந்துட்டீங்களா? எம்மாம் வருசம் ஆச்சி!"

"இந்தப் பக்கமா வந்தேன்மா. அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்குதான்னு..."

"எந்தக் கம்ப்யூட்டரு?" சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். "ஐயே, அந்தப் பொட்டியா! அது ஆன் ஆவறதுக்குள்ள எதிர்ல ஒரு பிரசவமே ஆயிடும்ணா. பேஜாரு. இப்ப எல்லாம் போன்லேர்ந்தே பிரிண்டு போயிடுது."

"தூக்கிப் போட்டுட்டியா?"

"யாரு போட்டா? பத்திரமா வெச்சிருக்கேன், வந்து பாருங்க."

உள் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதன் கீழே, சரியான உயரத்தில், அவர் கொடுத்த கணினி. ஆரஞ்சு நிற மீன் ஒன்று அதன் தலைமேல் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஓடலன்னாலும் நல்லா தாங்குதுண்ணா," என்றாள் அன்புச்செல்வி, உண்மையான திருப்தியோடு. அவர் திரும்பி வரும்போது, கேட்காமலே, அவருடைய ஆதார் அட்டைக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

விழுப்புரத்தில் நெடுஞ்செழியனின் டைப்பிங் வகுப்பு இருந்த இடத்தில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கணினிகளைப் பழைய இரும்புக்காரனுக்கு எப்போதோ போட்டாயிற்று. டியூஷன் சென்டர் பிரியாணிக் கடையாகியிருந்தது. இன்னும் இரண்டு இடத்தில் அவரை யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. ஓர் இடத்தில் கரண்டு பில் பார்க்க வந்தவர் என்று நினைத்து மீட்டர் பெட்டியைக் காட்டினார்கள்.

மத்தியானம் அக்காள் சவுரியம்மாள் வீட்டில் சாப்பிட்டார். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு.

"லீவு போட்டுட்டு ஊர் ஊரா இன்னாடா தேடிக்கினு இருக்க?"

"என் கம்ப்யூட்டர யாராச்சும் இன்னும் வெச்சிருக்காங்களான்னு பாக்கறேன்க்கா."

"பொண்ணு பாக்கக் கூப்பிட்டப்ப இம்மாம் ஊரு நீ சுத்தலியேடா," என்றாள் சவுரியம்மாள். இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு, "அந்த நார்வேக்காரனுக்குத் தங்கச்சி கிங்கச்சி ஒண்ணியும் இல்லியா?" என்று கேட்டாள். பாதி கிண்டல்தான். மீதிப் பாதி இன்னும் கைவிடவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்ததும் தேவசகாயம் ஒரு வேலை செய்தார். வேறொருவர் எழுதுவது போலத் தானே எழுதிவிடலாம் என்று ஒரு புது மின்னஞ்சல் முகவரி தொடங்கப் போனார். நார்வேக்காரர் திண்டிவனத்துக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. முதல் கட்டத்தில் பெயர் கேட்டது. யார் பெயரைப் போடுவது? தன்னிடமிருந்து ஒன்றை வாங்கி, பயன்படுத்தி, அது வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒருவர். பெயரே வரவில்லை. இதை நேர்மை என்று எழுதினால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பொய் சொல்லக்கூட ஒரு சினேகிதர் வேண்டியிருக்கிறது என்று தெரிந்து, கணினியை மூடிவிட்டார்.

அப்புறம்தான் தாண்டவராயன் நினைவு வந்தது. வானூருக்கு முன்னால் ரோட்டோரம் எடை மேடை வைத்திருப்பவர். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, சவுக்குக் கட்டை ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறி நின்றால், எடை கணினியில் விழுந்து சீட்டாக அச்சாகும். அதற்கான நிரலை தேவசகாயமே எழுதிக் கொடுத்திருந்தார். அவரை மறந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தக் கணினி ஒருநாளும் பழுதாகவில்லை. பழுதானால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போகலாம், டீ குடிக்கலாம், பேசலாம். இவர் வேலையைச் சுத்தமாகச் செய்து வைத்திருந்ததில் இரண்டு ஆண்டுகளாக அங்கிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து இறங்கியபோது, மேடையில் ஒரு சவுக்கு லாரி நின்றது. தகரக் கொட்டகைக்குள்ளிருந்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கிறீச்சொலி வந்தது. தேவசகாயம் வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜைக்குக் கீழே அவர் கொடுத்த கணினி, விசிறி உறும, ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் பில்பெரியின் சின்னமான அந்த ஊதாப் பழம். நார்வேயில் ஒன்று என்று பதிவானது இதுதான். கணக்கில் தவறே இல்லை. ஆனாலும் ஒன்று இருக்கிறதே!

"வாங்க சார், வாங்க!" தாண்டவராயனுக்கு எழுபது வயது இருக்கும். எழுந்து நாற்காலியைத் தள்ளினார். "கலைப்பிரியா! சாரு வந்திருக்காரு, டீ சொல்லு. இன்னா சார், இந்தப் பக்கம் வர்றதே இல்ல?"

"நீங்க கூப்பிடலியேங்க."

"கெட்டாத்தான கூப்பிடறது? இது எங்க கெடுது!"

டீ வந்தது. தேவசகாயம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் இதை நிறுத்தப் போகிறார்கள், இன்று சாயங்காலம் முடிவு, ஒரே ஒருவர் ஒரு வரி எழுதினால் நிற்காது. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததை அவரே கவனித்தார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்கோசரம் தான் இத்தினி வருசமா அவங்ககிட்ட மல்லு கட்டிக்கினு இருக்கேன்."

"ஒரு வரி தான?" தாண்டவராயன் போனை எடுத்தார். "சொல்லுங்க, இப்பவே அனுப்பிடலாம். 'இந்தக் கம்ப்யூட்டர் இல்லன்னா நம்ம தொழிலே படுத்துடும்'னு போடலாமா?"

"பொய்யி மாமா," என்றாள் கலைப்பிரியா. அவர் மருமகள், எடை மேடையை இப்போது நடத்துவது அவள்தான். சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தபடியே, திரும்பாமல் சொன்னாள்.

"பொய்யின்னா இன்னா? சாருக்கு ஆவணும்."

"அப்ப மேஜைக்குப் பின்னால இருக்கறத இன்னான்னு சொல்லுவீங்க?"

தேவசகாயம் எட்டிப் பார்த்தார். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி. புதுக் கணினி. டேப் கூடப் பிரிக்கவில்லை. மேலே தூசு படிந்து, அந்தத் தூசியில் யாரோ விரலால் ஒரு பூ போட்டிருந்தார்கள்.

"போன வருசம் பொங்கலுக்கு வாங்கினது," என்றாள் கலைப்பிரியா. "ஜி.எஸ்.டி-க்கு, கம்பெனிங்களுக்கு எல்லாம் பில்லு ஆன்லைன்ல கேக்கறாங்க. எடை மேடை கம்பெனிக்காரன் சாப்ட்வேரும் குடுத்துட்டான். இந்தப் பொட்டியில அது ஏறாது. லாரிக்காரன் எடை போட்டுட்டு நின்னுக்கினே இருக்கான், நான் போன்ல ஒருதரம் அதையே அடிக்கறேன். மாத்தலாம் மாமான்னா, கேட்டாத்தான?"

தாண்டவராயன் போனைக் கீழே வைத்தார். மேடையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், இவரை மட்டும் பார்க்கவில்லை.

"அது இல்ல சார். போனவாட்டி வந்தப்ப சொன்னீங்களே, இதுக்கோசரம் நீங்க ஒரே ஆளா அம்மாம் பேருகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கீங்கன்னு. நான் பாட்டுக்கு மாத்திட்டா உங்க சண்ட இன்னா ஆவறது? மனசு கஷ்டப்படுவீங்கன்னு தான் அப்படியே ஓட்டிக்கினு இருக்கேன்."

டிரைவர் வெளியே ஹாரன் அடித்தான். கலைப்பிரியா, "இருய்யா, ஜல்தி பண்ணாத," என்று கத்தினாள்.

உப்பில்லாக் குழம்பை வைத்தவர் சாப்பிடுபவரின் உடம்புக்காக வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டவர் வைத்தவரின் மனசுக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து நாற்பது பேரைக் காக்க வைத்திருக்கிறார்கள்.

தாண்டவராயன் மறுபடி போனை எடுத்தார். "அதெல்லாம் வுடுங்க சார். எனக்கு இது போதும். வரியச் சொல்லுங்க, அனுப்பறேன். இன்னும் ரெண்டு வருசம் ஓடட்டும்."

கேட்டால் எழுதிவிடுவார். எழுதினால் செல்லும். பொறுப்பாளர் அல்லாத ஒரு பயனர், ஒரு வரி. விதிப்படி ஒரு குறையும் இல்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு பதிப்புக்கும் நாற்பது பேர் இவருக்காகக் காத்திருப்பார்கள். தேவசகாயம் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"கத்திரி இருக்குதாம்மா?"

"எதுக்கு சார்?"

"டேப்பைப் பிரிக்கணும்."

பழைய எடைக் கணக்கையெல்லாம் புதியதற்கு மாற்றச் சாயங்காலம் நாலு மணி ஆனது. எடை மேடை கம்பெனியின் மென்பொருள் ஓட வேறொரு இயங்குதளம் வேண்டும்; விலை கொடுத்து வாங்கும் அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. பில்பெரிக்கு அங்கே இடமில்லை. தன் வாழ்நாளில் அதற்கு எதிராகத் தொடர்ந்து பேசிவந்தவர், அதைப் பொறுமையாக ஏற்றி, பிரிண்டரை இணைத்து, எழுத்து கோணலாக வந்ததை நேராக்கிக் கொடுத்தார். முதல் சீட்டு ஒரு மல்லாட்டை லாரிக்கு விழுந்தது. கலைப்பிரியா இரண்டு தடவை தட்டாமல் ஒரே தடவையில் வேலை முடிந்ததைப் பார்த்து, "அப்பாடா," என்றாள். அந்த அப்பாடா தன்னைக் குறித்ததல்ல என்று அவருக்குத் தெரியும்.

பழைய கணினியை அவரே அணைத்து, வயரை உருவினார். விசிறி நின்றதும் கொட்டகை திடீரென்று அமைதியானது.

"பொட்டிய நீங்களே எடுத்துக்கினு போங்க சார்," என்றார் தாண்டவராயன். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டையையும் கொடுத்தார். "அடிக்கடி வாங்க."

"கெட்டா கூப்பிடுங்க," என்றார் தேவசகாயம். புதியதற்குக் கம்பெனியே ஆள் அனுப்பும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள்.

பஸ்ஸில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"கம்ப்யூட்டர்."

"ஓடுமா?"

"நல்லா ஓடும்."

"அப்ப லக்கேஜு போடணும்."

ஓடாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். தேவசகாயம் லக்கேஜ் டிக்கெட் வாங்கினார்.

ஏழு மணிக்கு அரட்டை அறையில் எல்லோரும் இருந்தார்கள். நார்வேக்காரர் ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார் என்பது அவருடைய முதல் வரியின் நீளத்திலேயே தெரிந்தது. தேவசகாயத்துக்காகப் பரிந்து பேசச் சிலரும் தயாராக வந்திருந்தார்கள். அவர் எழுதினார்: "பயனர் யாரும் இல்லை."

 பிறகு நார்வேக்காரர் கேட்டார்: "உறுதியாகவா?"

"கண்ணால் பார்த்தேன்," என்று எழுதினார் தேவசகாயம்.

வழக்கப்படி அழிக்கும் வேலை அவருடையது. கோப்பு கோப்பாகத் திறந்தார். பிரேசில்காரர் எழுதிய வரிகள் இருந்தன. போலந்துக்காரர் யாரையோ திட்டி எழுதிவைத்த குறிப்பு இருந்தது. ஒரு பிரிண்டருக்காகத் தானே ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியதும் இருந்தது. படித்துப் படித்து அழித்தார். எல்லாவற்றையும் ஒரே ஆணையில் நீக்கியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியாக ஒருமுறை அவருக்காகக் காத்திருந்தார்கள். முடிந்ததும் நன்றி என்று வரிசையாக வந்தது. தொப்பியைக் கழற்றும் பொம்மை ஒன்றை யாரோ போட, ஏழெட்டுப் பேர் அதையே போட்டார்கள். அப்புறம் பேச்சு அடுத்த பதிப்புக்குப் போனது. இனி பதிப்பு சீக்கிரம் வெளிவரும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதில் தேவசகாயத்துக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மல்லாட்டையை உரித்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரக் கணக்கில் 32-பிட்டுக்கு நேராகப் பூஜ்யம் என்று வந்தது. ஆனால் இணையதளத்தைத் திருத்தும் தன்னார்வலர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஆகவே பன்னாட்டுக் குழு இப்போதும் தெற்காசிய ஆய்வகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

தேவசகாயம் செய்தது இவ்வளவுதான்: பழைய கணினிகளுக்கு வேண்டியதை, அவை இருக்கும்வரை எழுதிவந்தார். கடைசியாக அதை வைத்திருந்தவரின் இடத்துக்கே போய் வேண்டுமா என்று பார்த்தார். வேண்டாம் என்று தெரிந்ததும், அவருக்குப் புதுக் கணினியைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, தன் வேலையைத் தானே அழித்தார்.